பழகின பஞ்சு

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. என் தோழியின் நாத்தனார், தான் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். திரைச்சீலையும் மெத்தையுறையும் தைப்பது அவள் தொழில். அவளை மூத்தவள் என்றே சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒரே கட்டடம். மாடியில் மூத்தவள் குடித்தனம். கீழே அவள் கணவனின் தம்பியும் அவன் மனைவி இளையவளும் குடித்தனம். மூத்தவள் வீட்டில் ஒரு தூசி கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. வந்தவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுந்துவிடுவார்கள். கீழ்வீட்டிலோ துணி மடிக்காமல் கிடக்கும். ஆனால் வாசலில் செருப்பு குவிந்திருக்கும். மூத்தவளின் கணவனும் மகளும்கூட "அஞ்சு நிமிஷம்" என்று இறங்கினால் இரண்டு மணி நேரம் கழித்தே ஏறுவார்கள். படியில் நின்று அந்தச் செருப்புகளை எண்ணுவது மூத்தவளின் வழக்கம். எண்ண எண்ண வயிறு எரியும்.

"அங்க அப்படி என்னதான்டி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் மகள். "அங்க உட்கார்ந்தா எழுந்திருக்கவே தோணல. இங்க உட்காரவே பயமா இருக்கு, கசங்கிடுமோன்னு."

கீழே எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு உட்காருவது ஒரு பழைய சாய்வு நாற்காலியில். அதன் மெத்தையைத்தான் ஒரு வாரத்துக்கு முன் இளையவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, உறைய மட்டும் மாத்துங்க. பஞ்சைத் தொட்டுடாதீங்க. பழகின பஞ்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்... மூத்தவளுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

பழைய பஞ்சை வெயிலில் உலர்த்தி, அடித்துப் பிரிக்காமல் வேறு உறைக்குள் வைக்கக் கூடாது. இருபது ஆண்டுகளாக அவள் மீறாத விதி அது. அன்று மீறினாள். பிரித்தால் அந்தச் சுகம் கலைந்துவிடுமே! அமுங்கிய பள்ளத்தோடு அப்படியே தூக்கித் தன் வீட்டு நாற்காலி மெத்தைக்குள் வைத்தாள். கீழ்வீட்டு உறைக்குள் புதுப் பஞ்சு.

பழைய பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல.

அன்று மாலையே கணவன் கீழே போகவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டார் வந்தார்கள். மூன்றாம் நாள் வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. மூத்தவள் பூரித்துப் போனாள்.

இனி, அந்த வியாழக்கிழமை. படியேறும்போதே சிரிப்புச் சத்தம். வழக்கம்போல் எண்ணினாள். கணவனுடையது... மகளுடையது... பக்கத்து வீட்டாருடையது... கடைசியில், வார் அறுந்து நீல நூலால் தைத்த ஒரு ஜோடி.

அது அவளுடையது. குனிந்து பார்த்தாள். அதே நீலத் தையல் அவள் காலிலும் இருந்தது.

உள்ளே ஒரு பெண் பேசினாள். குரல் அவளுடையது, சிரிப்பு மட்டும் அவளுக்கு என்றுமே வராத சிரிப்பு.

"கசங்கினா கசங்கட்டும். நல்லா சாஞ்சு உட்காருங்க."

"இப்பதாம்மா இது நம்ம வீடு மாதிரி இருக்கு," என்றாள் மகள்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

கீழே ஓடினாள். இளையவள் தனியாக, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உன் பஞ்சை நீயே எடுத்துக்கோடி!"

"வேண்டாம் அக்கா. மூணு வருஷமா நான் மணி அடிச்சுட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன். உள்ள என்னை மாதிரியே ஒருத்தி உட்கார்ந்திருப்பா. நீங்கல்லாம் தேடி வந்தது என்னைன்னா நினைச்சீங்க?"

"அப்புறம் தொடாதீங்கன்னு ஏன் சொன்னே?"

"சொல்லலன்னா தொட்டிருப்பீங்களா?"

முடிவில் தீர்மானமானது இதுதான். மெத்தையை இளையவள் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டாள். எரிப்பதற்குக் கணவனும் மகளும் விடமாட்டார்கள். ஆகவே, மூத்தவள் தினமும் மாலை ஏழு மணிக்குத் தன் வீட்டு அழைப்பு மணியை ஒரு முறை அடிப்பாள். கதவு திறக்கும்வரை வெளியே நிற்பாள். உள்ளே சென்றபின் எதையும் ஒழுங்குபடுத்த மாட்டாள்.

மணி அடித்ததும் உள்ளிருந்து அவள் குரலே கேட்கும்...

"யாருங்க? வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."