ஹட்டனில் ஒரு மொக்ரபியே

— மூணு நாளா வாறீங்க தம்பி. மூணு நாளும் இதே சாண்ட்விச். ரோல்ஸ் ஈக்குது, மாலு பான் ஈக்குது, ஒண்டுலயும் கை வைக்கிறீங்கல்ல.

— அதெல்லாம் ஹட்டன்ல எந்தக் கடையிலயும் திங்கலாம் நானா. இது கெடைக்குமா? ரவையை முத்து முத்தா உருட்டி, கடலையோட வேக வச்சு, வெங்காயத்தைக் கருக வதக்கிப் போட்டு, ரொட்டிக்குள்ள சுருட்டித் தர்றீங்க. மொக்ரபியே! லெபனான்ல, அதுலயும் திரிப்போலிங்கிற ஒரே ஊர்லதான் இப்பிடித் தருவான்.

— பேரும் தெரியும் போல. இங்க எல்லாரும் ஜவ்வரிசி ரொட்டிண்டு தான் கேப்பாங்க.

— ஏழு வருசம் அங்க கெடந்தவன் நானு. திரும்பி வந்து கொழும்புல தேடாத சந்து இல்ல. ஷவர்மா விக்கிறவன் தெருவுக்குத் தெரு இருக்கான், இதை ஒருத்தனும் கேள்விப்பட்டதே இல்ல. கடைசியில பாருங்க, நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸுக்கு நின்னு, மழைக்கு ஒதுங்குன கடையில இருக்கு.

— அல்லாஹ்ட நாட்டம். தேத்தண்ணி ஊத்தட்டா?

— ஊத்துங்க. நானா, இதை யாரு செய்றா?

— குசினியில ஒரு பொம்புள.

— பேரு?

— பேரு என்னத்துக்கு? ருசி சரியா, இல்லயா, அதச் செல்லுங்க.

— சரியா இருக்கே, அதுதான் கேக்க வைக்குது. முள்ளங்கிய பீட்ரூட் தண்ணியில ஊறப் போட்டிருக்கு, அங்க மாதிரியே. யூடியூப் பாத்துச் செஞ்சது இல்ல இது. அந்த ஊரு அடுப்படியில நின்ன கை. ஒளிக்காம சொல்லிருங்க நானா. அவ பேரு பிரியந்தியா?

— அது ஆரு?

— என் கூடப்பொறந்த தங்கச்சி. அஞ்சு வருசமாத் தேடுறேன்.

— செல்லுங்க, கேக்கிறேன்.

— எம் பேரு ஜெயகாந்தன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம், தோட்டத்து லயந்தான் வீடு. நாந்தான் அவளைத் திரிப்போலிக்கு எடுத்தேன், வீட்டு வேலைக்கு. மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. அம்மாகிட்ட விட்டுட்டு வந்தா. மூணு வருசத்த முடிச்சா. ஊருக்குப் போக டிக்கட்டும் நானே எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கு வேலை, ஏர்போட்டுக்கு ஒரு புது டிரைவரை மட்டும் அனுப்புனேன்.

— நீங்க போகல்ல.

— போகல. ஆனா அவ பாஸ்போட் கட்டுநாயக்கா ஏர்போட்ல எறங்கியிருக்கு நானா. ஆளைப் புடிச்சு, கம்ப்யூட்டர்ல நானே பாத்தேன். எறங்குனவ வீட்டுக்கு வரல.

— ஒரு போன் கூட இல்லயா?

— ஒண்ணும் இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சேன். ரெண்டாவது வருசமே, "என்னைய அனுப்பிரு அண்ணே"ன்னு அழுதா. "பல்லக் கடிச்சுக்கிட்டு இரு"ன்னுட்டேன். அந்த வயித்தெரிச்சல்ல எங்கயோ ஒளிஞ்சு கெடக்கான்னுதான் இன்னைக்கும் நம்புறேன். சரி, நான் பாவி. புள்ள என்ன செஞ்சுச்சு? பத்து வயசாச்சு. பஸ்ஸு நின்னாப் போதும், ஓடிப்போய் எட்டிப் பாக்குது. உள்ள இருக்கிறது அவதான்னா சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், கால்ல விழுறேன். ஒரு தடவை புள்ளையப் பாத்துட்டுப் போகட்டும்.

— சாரல் அடிக்குது. கதவச் சாத்துறேன்.

— கொண்டியும் போடுறீங்க?

— ஆள் வராம ஈக்கட்டும். தம்பி, அங்க உங்களுக்கு என்ன வேல?

— ஏஜென்சில. நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாத்துக்கும் நாந்தான். பேச்சுக்கு, பேப்பருக்கு, வீட்டுக்காரங்களோட பஞ்சாயத்துக்கு.

— ஒரு புள்ள அங்க மவுத்தானா?

— என்ன நானா?

— செத்துப் போனா. அதுக்கும் நீங்க தானா?

— அதுக்கும் நாந்தான். ஏன் கேக்குறீங்க?

— மொத நாள் நீங்க வாயத் தொறந்து சாண்ட்விச் கேட்ட ஒடனே எனக்குக் கொரல் புடிபட்டுச்சு. அஞ்சு வருசத்துக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கெழம, அசர் தொழுகைக்குப் பொறகு போன் வந்திச்சு. "பைஸர் நானாவா? மனசத் தேத்திக்கங்க. உங்க தங்கச்சி ரினோஸா நாலாம் மாடியில இருந்து விழுந்துட்டா."

— ஐயோ! நீங்கதான் அந்தப் பைஸர் நானாவா? சத்தியமா இந்தக் கடைன்னு எனக்குத் தெரியாது.

— பயப்படாதீங்க. கேக்கிறதுக்கு மட்டும் பதில் செல்லுங்க. மையித்த நீங்க பாத்தீங்களா?

— ஆஸ்பத்திரிக்கு நாந்தான் போனேன். கழுத்துல தொங்குன பையில அவ பேரு போட்ட கார்டு இருந்துச்சு, அதை வச்சுத்தான் எழுதுனாங்க. அடக்கம் பண்ற வரைக்கும் நின்னேன். குளிப்பாட்டி, தொழுக வச்சு, உங்க மொறைக்கு ஒரு கொறையும் வைக்கல.

— மொகத்த?

— துணி மூடியிருந்துச்சு.

— தொறக்கல்லயா?

— இல்ல நானா. முஸ்லிம் பொண்ணு. வேத்து ஆம்பள தொறந்து பாத்தா உங்களுக்குத் தப்புன்னு சொல்லுவாங்கல்ல? உசுரோட இருந்தப்பதான் நம்மளால ஒண்ணும் செய்ய முடியல, செத்த பொறகாவது ஒரு மரியாதை செய்வோம்னு துணியத் தொடாமலே கையெழுத்துப் போட்டேன். நல்லதுன்னுதான் நெனச்சேன்.

— நல்லதுண்டுதான் நெனச்சிருப்பீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல.

— அப்பறம் ஏன் இப்பிடிப் பாக்குறீங்க?

— நீங்க போன் எடுத்த நேரம் ரினோஸா இந்தக் குசினியில வெங்காயம் உரிச்சிட்டு ஈந்தா. அவ ஊருக்கு வந்து அண்டைக்கு மூணாம் நாள்.

— என்ன பேசுறீங்க? அது நடக்காது. அவ பாஸ்போட் அந்த வீட்டுக்காரன் பெட்டியில கெடந்துச்சு, நாந்தான் திருப்பி வாங்கி எம்பஸில குடுத்தேன். பாஸ்போட் இல்லாம எப்பிடி வந்தா?

— உங்கட போன வச்சுட்டு, நீங்க செல்லினத அவளுக்கிட்ட செல்லினேன். கேட்ட ஒடனே அவ சுவத்துல மண்டய முட்டத் தொடங்கினா. வெளிய செல்ல ஏலாது, செல்லினா புடிச்சு மறியல்ல போடுவாங்க. அஞ்சு வருசம் வாயப் பொத்திட்டு ஈந்தோம் தம்பி. குத்தம் எங்கள்லயும் ஈக்குது. ரினோஸா! வா புள்ள. இனி திரைக்குப் பின்னால நிண்டு என்ன?

— ஜெயகாந்தன் அண்ணே, நான் தான் ரினோஸா.

— நீ... நீ எப்பிடிம்மா? பிரியந்தி எங்க? உள்ள இருக்காளா? பிரியந்தி!

— கத்தாதீங்க அண்ணே. உள்ள ஆரும் இல்ல. சாண்ட்விச் செய்றது நான். செய்யப் படிப்பிச்சது பிரியந்தி அக்கா. எங்களுக்கு மேல் மாடியில தான் வேல செஞ்சாங்க. நோட்டனுக்கு ரெண்டு தரம் பஸ் ஏறினேன், உங்கட அம்மாக்கிட்ட செல்லுறதுக்கு. ரெண்டு தரமும் பாதியில எறங்கிட்டேன். பொறகுதான் நானாக்கிட்ட இத விக்கச் செல்லினேன். தெரிஞ்சவங்க எப்பயாவது தேடி வருவாங்கண்டு.

— அம்மாகிட்ட என்ன சொல்லப் போன? அவ கட்டுநாயக்கால எறங்கிட்டா, நான் பாத்தேன்.

— எறங்கினது நான். அவங்கட பாஸ்போட்ல. வீட்டுக்காரங்க எனக்கு இந்தக் கைய ஒடச்சு, பின் அறையில போட்டுப் பூட்டியிருந்தாங்க. அக்கா அண்டைக்கு ஊருக்கு வெளிக்கிடுற நாள். என்னப் பாக்க வந்து, கம்பியால பூட்டத் தொறந்தாங்க. பாத்த ஒடனே, "இன்னொரு வாரம் நீ தாங்க மாட்ட, நான் தாங்குவேன்"ண்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே நெறம். படத்த ஆரு உத்துப் பாக்கிறாங்க? அவங்கட பாஸ்போட்ட என்ட கையில வச்சு, என்ட கார்டுப் பைய அவங்க கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. பிளேன் ஏறும் வரைக்கும் அறையில ஆள் இல்லண்டு தெரியக்கூடாதே, எனக்குப் பதிலா என்ட பாயில படுத்துட்டாங்க.

— இல்ல... அந்தத் துணிக்கு அடியில... இல்லம்மா, சொல்லாத.

— நான் அழுதேன் அண்ணே. "ஏதும் ஆச்சிண்டா என்ன செய்வீங்க அக்கா"ண்டு கேட்டேன். சிரிச்சாங்க. "எனக்கென்னடி பயம், எது நடந்தாலும் எங்கண்ணன் வந்து மொதல்ல எம் மொகத்தத்தான் பாப்பாரு"ண்டாங்க.