ஆயிரம் வோல்ட் தாண்டிய அயனிகள்

அயனிகளை ஆயிரம் வோல்ட் உயரம் தாண்ட வைத்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். தாராளமாகச் சிரியுங்கள். ஓய்வு பெற்றவன் பேச்சு கொஞ்சம் உப்பித்தான் இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் காற்றை முழுக்க உறிஞ்சிய உருளைக்குள், ஒரு செம்புத் துண்டில் வெல்டிங் பொறி மாதிரி மின்வில் எரியும். அதற்கு இருபது வோல்ட் போதும். அதிலிருந்து பறக்கும் அயனிகளுக்கு எதிரே ஒரு கம்பிவலை. வலையில் வோல்ட்டை ஏற்ற ஏற்ற, வலுவில்லாதவை திரும்பி ஓடிவிடும். தாண்டி வருபவை எவ்வளவு என்று மீட்டர் காட்டும். ஆற்றலை அளக்க அதுதான் வழி. வலை மாட்டுவது என் வேலை. அளந்தவள் ஆராய்ச்சி மாணவி. நாங்கள் குருவி என்போம். அவளுடைய அயனிகள் அறுபது வோல்ட்டையும் தாண்டின.

ஆய்வகத் தலைவர் என் மனைவியின் அண்ணன். நம்பவில்லை.

"இருபதுல கிளம்பினது அறுபதை எப்படி மாப்ளே தாண்டும்? வியாழக்கிழமை நானே பார்க்கிறேன். பொய்னா அவளுக்குப் பட்டமும் கிடையாது, இங்க இடமும் கிடையாது."

குருவி அசரவில்லை. "தாண்டும்ணா, விடுங்க" என்றாள் என்னிடம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வியாழன் காலை, உருளையின் பின்னால் வலைக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டேன். வலையில் வோல்ட்டே இல்லையென்றால் அயனியை யார் மறிப்பது? சின்ன ஒத்தாசை.

மச்சான் அறுபது வைத்தார். தாண்டின. நூறு. தாண்டின. அதோடு நிறுத்தியிருக்கலாம், மனுஷன் ஆயிரம் வரை திருகினார். மீட்டர் முள் இம்மிகூட இறங்கவில்லை.

"இதையும் நம்பணுமாம்மா?"

"கம்பிய ஒரு தடவை பார்த்துடலாம் சார்" என்றாள் குருவி.

"நான் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்றேன். ஒரு வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை.

மாலைக்குள் அவள் மேசை காலி. போகும்போது என்னிடம் மட்டும் நன்றி சொன்னாள்; நல்ல பிள்ளை. கம்பியை மறுபடி மாட்டினேன். மச்சான் மனம் நோகக்கூடாதே என்று பதினோரு வருஷம் வாய் திறக்கவில்லை.

போன வாரம் மச்சான் தானே வலை மாட்டி அளந்திருக்கிறார். நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அறுபதைத் தாண்டுது மாப்ளே. அவ சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டேன்."

"நான் அப்பவே நம்பினேன் மச்சான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்: "ஆமா மாப்ளே. அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் அவ பக்கம் நின்னீங்க."