போர்கில்ட் அத்தை பனிக்கடலில் குதித்தது

தூவா: ...சொல்றதக் கேளுங்க அத்தை. அந்த வரிசையில போய் நிக்காதீங்க.

போர்கில்ட்: நின்னாச்சு.

தூவா: எழுபத்தோரு வயசு உங்களுக்கு!

போர்கில்ட்: இன்னும் சத்தமா சொல்லு, கப்பல் மேல்தளம் வரைக்கும் கேக்கட்டும். இப்ப குதிச்சாரே ஜெர்மன்காரர், அவருக்கு என்னைவிட ஜாஸ்தி வயசு.

தூவா: அவர் போட்ட கூச்சல்ல பனிப்பாறையே ஒரு துண்டு உடைஞ்சு விழுந்துச்சு.

போர்கில்ட்: அது தானா விழுந்துச்சு. பாவம், அந்த மனுஷன் மேல பழி போடாத.

தூவா: மேல உங்க அறையில வெந்நீர்த் தொட்டி இருக்கு. பால்கனியில உக்காந்துட்டு மணி அடிச்சா காப்பி வருது. குளியலறைத் தரையைக்கூடச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க. அதையெல்லாம் விட்டுட்டு, நீச்சல் உடுப்பு மேல வெள்ளை அங்கியும் ரப்பர் பூட்ஸுமா... இந்தத் தண்ணியில குதிக்கணுமா?

போர்கில்ட்: ஒரு வாரமா மீன்முட்டையும் ஷாம்பெயினும் தின்னு தின்னு அலுத்துப் போச்சுடி. வடதுருவம் வரைக்கும் வந்துட்டு, தரை சூடா இருந்துச்சுன்னு ஊர்ல போய்ச் சொல்லவா?

தூவா: உங்க ரத்த அழுத்தம்...

போர்கில்ட்: டாக்டர் காலையிலயே பார்த்துட்டார். கல்லு மாதிரி இருக்கேன்னார்.

தூவா: அவர் அப்படியா சொன்னார்?

போர்கில்ட்: அப்படித்தான் எனக்குக் கேட்டுச்சு.

யோர்ன்: அடுத்தது யாரு...? போர்கில்ட் அம்மாவா! வாங்க வாங்க. அங்கியைக் கழட்டிக் குடுங்க. கையைக் கொஞ்சம் தூக்குங்க, இடுப்புல பெல்ட் கட்டணும்.

போர்கில்ட்: நேத்து எங்களை ரப்பர் படகுல வால்ரஸ் பாக்கக் கூட்டிட்டுப் போன வழிகாட்டி நீதானே? யோர்ன்?

யோர்ன்: நான்தாம்மா.

போர்கில்ட்: அதுங்க நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகல.

யோர்ன்: நாம போனப்புறம் அதுங்களும் நம்மளப் பத்தி அதையேதான் பேசியிருக்கும்.

போர்கில்ட்: ஹ! வாய் இருக்கு. கேட்டியா தூவா? பையனுக்கு வாய் இருக்கு.

தூவா: ம்... கேட்டேன்.

போர்கில்ட்: என்ன, கடலையே பாத்துக்கிட்டு நிக்கிற? இந்த ஒரு வாரமா நீ இந்தப் பையன் முகத்தையே நிமிர்ந்து பாக்கல. ஏதாவது தப்பா பேசிட்டானா?

தூவா: ஐயோ, அதெல்லாம் இல்ல.

யோர்ன்: இல்லம்மா, இல்ல.

போர்கில்ட்: ரெண்டு பேரும் சேந்து பதில் சொல்றீங்களே... சரி தம்பி, எனக்கு லேசா உதறுது. முடிச்சு போட்டு முடிக்கிற வரைக்கும் ஏதாவது பேசிட்டே இரு. எந்த ஊரு உனக்கு?

யோர்ன்: பொறந்தது த்ரோம்ஸோ. இப்ப இங்கதான், இந்தத் தீவுல லாங்யர்பியன்கிற ஊர்ல.

போர்கில்ட்: குளிர்காலத்துலயுமா? மாசக்கணக்குல சூரியனே வராதே, அந்த இருட்டுல என்னப்பா பண்ணுவே?

யோர்ன்: நாய்வண்டி ஓட்டுவேன். சமைப்பேன். ரொட்டி சுடுவேன்.

போர்கில்ட்: என்ன சமைப்பே?

யோர்ன்: துருவமான் கறி... மெதுவா அடுப்புல வெச்சு, கிரீம் ஊத்தி.

போர்கில்ட்: பாத்திரம் யாரு கழுவுவா?

யோர்ன்: நான்தான். வேற யாரு இருக்கா?

போர்கில்ட்: அப்போ வீட்ல ஆள் இல்ல.

தூவா: அத்தை! அவர் வேலை பாத்துட்டு இருக்கார். பின்னாடி எத்தனை பேர் நடுங்கிட்டு நிக்கிறாங்க பாருங்க!

போர்கில்ட்: நிக்கட்டும், குளிருக்குப் பழகணும்ல? குடிப்பியா தம்பி?

யோர்ன்: சனிக்கிழமை ஒரு பீர்...

போர்கில்ட்: ஒண்ணா?

யோர்ன்: ...ரெண்டு.

போர்கில்ட்: உண்மை பேசுறான். குறட்டை?

தூவா: போதும் அத்தை!

போர்கில்ட்: உனக்கென்னடி முகம் இப்படிச் சிவக்குது?

தூவா: காத்து.

போர்கில்ட்: காத்தே அடிக்கலையே. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு.

யோர்ன்: பெல்ட் கட்டியாச்சும்மா. கயிறு என் கையில. கீழ படகுல ரெண்டு பேர் தயாரா இருக்காங்க. குதிச்சதும் மூச்சு நின்ன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. திரும்பி ஏணியைப் பிடிச்சுக்குங்க.

தூவா: கயிறு தாங்குமா?

யோர்ன்: தாங்கும்.

தூவா: நல்லா பாத்தியா? அந்த முடிச்சு ஒரு மாதிரி தெரியுது யோர்ன்... அதாவது, பாத்தீங்களா?

போர்கில்ட்: சரி, நான் போறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த நீலக் கம்பளிச் சட்டையை நீயே வெச்சுக்கோ. எதாவது சொல்ல வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடு.

தூவா: ஏன் இப்படியெல்லாம் பேசுறீங்க!

போர்கில்ட்: சும்மா ஒரு பேச்சுக்குத்தான். இல்லியா? சரி. ஒண்ணு... ரெண்டு...

தூவா: அத்தை, இருங்க!

போர்கில்ட்: என்ன?

தூவா: மேல வாங்க, அறையில உக்காந்து பேசுவோம்.

போர்கில்ட்: ஏற்கெனவே காலு விறைச்சுப் போச்சு. இங்கயே சொல்லு. ரெண்டு வரைக்கும் எண்ணிட்டேன்.

தூவா: எல்லாரும் பாக்குறாங்க...

போர்கில்ட்: எல்லாரும் வெளிநாட்டுக்காரங்க, நம்ம பேச்சு புரியாது. மூ...

தூவா: இவர்தான்!

போர்கில்ட்: எவர்தான்?

தூவா: யோர்ன். எனக்கு இவரை... போன வருஷத்துலேர்ந்து தெரியும். பெர்கன்ல எங்க நூலகத்துக்குப் பேச வந்தார். பேச்சு முடிஞ்சு நாற்காலியெல்லாம் எடுத்து அடுக்கினோம். அப்புறம் காப்பி... அப்புறம்... அவர் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார் அத்தை. நான் இன்னும் பதில் சொல்லல.

போர்கில்ட்: ஏன் சொல்லல?

தூவா: என் வீட்டுக்காரர் எய்ரிக் தவறிப்போன அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னேன்? உங்க வீட்டு மாடியிலதான் இருப்பேன், உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டேன்னு சொன்னேன்ல? பெத்த புள்ளையும் இல்லாம, நானும் கிளம்பிட்டா... எப்படி அத்தை வாயத் திறப்பேன்? நீங்க இவர் வேலை பாக்குற இந்தக் கப்பலுக்குப் பணம் கட்டிட்டு வந்து நின்னப்போ எனக்கு உயிரே போச்சு. உலகத்துல இத்தனை கப்பல் இருக்கு, இது ஒண்ணுதானா கிடைச்சுது உங்களுக்கு!

போர்கில்ட்: இந்தா, இந்த பூட்ஸைப் பிடி.

தூவா: ஏதாவது சொல்லுங்க.

போர்கில்ட்: தம்பி, கயித்தை கெட்டியா பிடிச்சிருக்கியா?

யோர்ன்: பிடிச்சிருக்கேம்மா.

போர்கில்ட்: மூணு!

தூவா: அத்தை...!

யோர்ன்: குதிச்சுட்டாங்க!

தூவா: எங்க காணோம்? யோர்ன், ஆளையே காணோம்!

யோர்ன்: அதோ தலை தெரியுது. அம்மா, இந்தப் பக்கம்! ஏணி இந்தப் பக்கம்!

போர்கில்ட்: ஐயையையையோ! பாழாப்போற கடலே! கத்தி கத்தியா குத்துதே! எந்த மடையன் இதுக்குப் பேரு கொடுக்கச் சொன்னான்!

தூவா: நீங்களேதான்! ஏணியைப் பிடிங்க! யோர்ன், இழு இழு!

யோர்ன்: இழுத்தா விழுந்துடுவாங்க தூவா, அவங்களே ஏறட்டும்... அவ்வளவுதான்மா... இன்னும் ஒரு படி... வந்தாச்சு!

தூவா: இந்தாங்க துண்டு. அங்கியைப் போர்த்திக்குங்க. அழறீங்களா?

போர்கில்ட்: உ... உப்புத் தண்ணி. கண்ணுல போயிடுச்சு. எங்க அந்த ஆக்குவிட் சாராயம்? குதிச்சா ஒரு கிளாஸ் உண்டுன்னு சொன்னாங்களே!

யோர்ன்: இந்தாங்கம்மா. மெதுவா...

போர்கில்ட்: ஆஹா. இப்பதான் உயிர் திரும்பி வருது. இன்னொண்ணு ஊத்து.

தூவா: அத்தை... என் மேல கோவமா?

போர்கில்ட்: கோவத்தை எங்கேயோ கீழ விட்டுட்டேன், வால்ரஸ் தின்னிருக்கும். இவனை நான் ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். கயித்தை விடாம பிடிச்சான். அன்னிக்கு போன்ல அந்த நடுங்கு நடுங்கினவன், இன்னிக்கு கை அசையவே இல்ல.

தூவா: எந்த போன்ல?

யோர்ன்: அம்மா...

தூவா: எந்த போன்ல யோர்ன்?

யோர்ன்: கோவிச்சுக்காத. ஈஸ்டருக்கு முன்னாடி கீழ்வீட்டு நம்பருக்கு அடிச்சேன். நீ பதில் சொல்லாம தவிக்கிறது இவங்களுக்காகத்தான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அதான் இவங்ககிட்டயே நேரா கேட்டுடலாம்னு...

போர்கில்ட்: எடுத்ததும் ‘உங்க மருமகளை எனக்குக் குடுப்பீங்களா’ன்னான். ஏதோ பொருள் விக்கிறவன்னு நெனச்சு ரெண்டு தடவை வெச்சுட்டேன்.

யோர்ன்: மூணாவது தடவைதான் பேச விட்டாங்க.

தூவா: அப்போ... அந்த ஊரு, சமையல், குறட்டை...

போர்கில்ட்: எல்லாம் முன்னாடியே கேட்டாச்சு. பீர் மட்டும் அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னான், இன்னிக்கு ரெண்டாயிடுச்சு.

தூவா: ஒரு வாரமா ரெண்டு பேரும் சேந்து என் முன்னாடி நடிச்சீங்களா? நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில ஒளியாத குறையா தவிச்சேன்!

யோர்ன்: நான் முதல் நாளே சொல்லிடறேன்னு கெஞ்சினேன். விடமாட்டேன்னுட்டாங்க.

போர்கில்ட்: அவன் சொன்னா போதுமா? நீ சொல்லணும். வசந்தம் பூரா ஜாடைமாடையா கேட்டுப் பாத்தேன், ‘ஒண்ணுமில்ல அத்தை’ன்னுட்டு காப்பி போடப் போயிடுவே. நீயா வாயத் திறந்தாத்தான் நீ நிஜமாவே ஆசைப்படறேன்னு அர்த்தம். அதுக்குத்தான் இந்தக் கப்பலையே தேடிப் பிடிச்சேன். குதிக்கணும்னு மட்டும் முதல்ல நெனைக்கல. ஏழு நாள் ஆகியும் நீ பேசலையே, வேற என்னடி பண்றது?

தூவா: உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படி இருப்பேன் அத்தை?

போர்கில்ட்: தனியா எங்க இருக்கேன்? எதிர்வீட்டு ஓடுன் வந்து சீட்டாட உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்கிறா. நீ மாடியில தடதடன்னு நடக்காம இருந்தா நான் கொஞ்சம் தூங்கவும் செய்வேன். ஒண்ணே ஒண்ணுதான். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வந்துடணும். வரலைன்னா நான் இங்க வந்து மறுபடியும் குதிப்பேன்.

யோர்ன்: வந்துடுவோம்மா!

தூவா: நான் இன்னும் சரின்னே சொல்லல, நீ என்ன முந்திக்கிட்டு!

யோர்ன்: அப்போ... சொல்லு.

தூவா: இவ்வளவு பேர் நடுவுலயா? பாரு, அந்த ஜெர்மன்காரர்கூட கையில கிளாஸோட நின்னு வேடிக்கை பாக்குறார்... சரி. சரின்னு சொல்றேன். போதுமா?

யோர்ன்: போதும். ரொம்பப் போதும்!

போர்கில்ட்: கட்டிப் பிடிக்கிறதா இருந்தா முதல்ல என் பெல்ட்டை அவுத்து விடுங்க. மூணு பேரும் ஒரே கயித்துல மாட்டிக்கிட்டோம்.

தூவா: இருந்தாலும் அவசரப்பட வேண்டாம் அத்தை. நாளன்னைக்கு கரையிறங்கினதும் ரெண்டு பேருமா விமானம் ஏறி வீட்டுக்குப் போவோம். அங்க போய் நிதானமா உக்காந்து...

போர்கில்ட்: ரெண்டு பேரா? நான் ஊருக்கு ஒரு டிக்கெட்தானே எடுத்தேன்.