தையல் என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

நீங்கள் எழுதிக் காட்டிய முதல் தாளில் மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஐயா. பென்சிலால் குறித்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், கை சும்மா இருப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். என் கையைத் தாண்டிப் போன எந்தப் புத்தகத்திலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டியதில்லை.

பாடலாசிரியர் போன வருடம் காலமானார். அவருடைய பாடல்களை மொத்தமாகத் தொகுத்தோம். முதலாளி கூப்பிட்டு, "அடிக்குறிப்பெல்லாம் நீங்களே எழுதிடுங்க சார்" என்றார். அதுவரை அடுத்தவர் எழுத்தையே மேய்ந்துகொண்டிருந்தவனுக்குச் சொந்தமாக நாலு வரி. தலைகால் புரியவில்லை, மறைப்பானேன்.

அந்தப் பாடல்களில் வரும் பெண் யார் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நான் கண்டுபிடித்தேன். பதினோரு பாடல்களில் அவளைத் 'தையல்' என்கிறார். ஒன்றில் அவள் விரலில் ஊசி குத்துகிறது. இன்னொன்றில் நூலாக இளைக்கிறாள். கல்யாணத்துக்கு முன் அவர் குடியிருந்த தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் அறைக்கு நேர் எதிரே, மாடியில், ஒரு தையல் கடை. முப்பது வருடமாக ஒரே அம்மாள் அதை நடத்துகிறார் என்று கீழே பூட்டுக் கடைக்காரர் சொன்னார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாடிக்குக்கூட ஏறவில்லை. அந்த அம்மாளின் பெயரைப் போட்டுக் குறிப்பை எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அச்சான தாளை எடுத்துக்கொண்டு அப்புறம்தான் பார்க்கப் போனேன். மரியாதையான மனுஷி. முக்காலியைத் துடைத்துப் போட்டார். தாளை இரண்டு தடவை படித்தார்.

"அவர் ரெண்டு பேன்ட் சுருக்கித் தரச் சொன்னாரு சார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் பொறுமையாக விளக்கினேன். ஊசியைச் சொன்னேன், நூலைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் போய் இன்னும் வருஷம்கூட திரும்பல. என் பசங்க இதைப் படிச்சா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்? எடுத்துடுங்க சார்."

அச்சானதை எப்படி எடுப்பது? மூன்று தடவை போய் அதைத்தான் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். "வாங்க, உங்க முதலாளிகிட்டயே வந்து சொல்றேன்" என்று செருப்பை மாட்டினார். பட்டப்பகல், கீழே பஸ் சத்தம். படி குறுகல். "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று வழிவிட்டேன்.

கடைசிப் பாடலில் ஒரு வரி உண்டு: 'படியிறங்கிப் போன தையல் மறுபடி வரவேயில்லை.' எனக்கு அது ஞாபகம் வந்தது. பதினான்கு படிகள். ஒரு கையே போதுமாக இருந்தது.

பாட்டில் இருந்தவர் அந்த அம்மாள்தான் என்று நான் உண்மையிலேயே நம்பினேனா என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் தடவைக்கு முந்தின நாள், புத்தகத்தின் மேலட்டைக்குப் படம் வாங்கப் பாடலாசிரியரின் மனைவியைப் பார்க்கப் போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "தையல்னா பொண்ணுதானே சார். மெட்டுல 'பொண்ணு' உக்காரலன்னா 'தையல்'னு போட்டுக்குவாரு. ஊசி குத்தினது எனக்கு, சட்டைக்குப் பட்டன் வைக்கறப்போ. மெய்ப்பு பாக்கறவர், உங்களுக்கா தெரியாது?"

தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்தது. "தெரியும்மா" என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். ஆனால் இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டதே. இல்லை என்று சொல்ல உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மாடியில் இருந்தார். மனைவி இருப்பது தரைத்தளத்தில். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள்.

நான் கொடியவன் இல்லை, ஐயா. ஆசிரியர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியவன் இல்லை. நேற்று முதலாளி இந்த ஸ்டேஷனுக்கே என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டப் போகிறாராம். இத்தனை நாளில் அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.