மூலைக்கு மூலை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்குப் பட்டறையைத் திறந்தேன். உள்ளே ஒரு வண்டியும் இல்லை. தரை சுத்தமாக இருந்தது. எனக்குச் சுத்தமான தரை பிடிக்காது.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என் மனைவியின் காலைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா எழுதிக் கொடுத்த புகாரும் அதைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். செவ்வாய்க்கிழமை புரிய வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

விபத்தில் கோணிய வண்டிகளின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, நிமிர்த்துகிறவன் நான். கதவு நசுங்கினால் யாரும் தட்டி எடுத்துவிடலாம். சேசிஸ் கோணினால் சக்கரம் நாலும் நாலு திசைக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டியை இரும்புப் படுக்கையில் ஏற்றிக் கவ்வி, சங்கிலி போட்டு, ஜாக்கியால் இழுப்பேன். சட்டத்தின் முன் இடது துளையிலிருந்து பின் வலது துளைக்கு டேப் பிடிப்பேன். பிறகு முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. மூலைக்கு மூலை இரண்டும் ஒன்றாக வந்தால் வண்டி நேர்.

ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் கோணியிருந்தால் ஐந்து மில்லி இழுத்தால் போதாது. சங்கிலியைத் தளர்த்தியதும் இரும்பு பழைய இடத்துக்கு ஓடிவிடும். பத்து இழுக்க வேண்டும். அது கத்தும். கத்தும்போது நிறுத்துகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்.

என் மனைவி பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டும் இடம்.

"எங்ககிட்டயும் அதே கததாங்க," என்பாள். "கம்பிய சீக்கிரம் கழட்டினா பல்லு பழைய வீட்டுக்கே போயிடும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பொருத்தம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இரண்டு அளவும் ஒன்றாக வரும் அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு வரும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது அடிவயிற்றில் ஏதோ புரளுமே, அது. அடக்க முடியாது. டேப்பைக் கையில் பிடித்தபடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். என்னிடம் பத்து வருஷமாக இருக்கும் பெயின்டருக்கு வாய் நீளம். வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போவான்.

"அண்ணனுக்குச் சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். போறவங்கல்லாம் பாத்துட்டுப் போங்க," என்று தெருவுக்கே அறிவிப்பான்.

பட்டறைக்கு நூறு அடி தள்ளி ஒரு திருப்பம் இருக்கிறது. சுவர் மறைப்பதால் எதிரே வருவது தெரியாது. அதற்காகக் கம்பத்தில் வட்டக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு லாரி அந்தக் கம்பத்தை உரசிக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போனது. அந்த வாரம் எனக்கு ஐந்து வண்டி. ஐந்தும் ஐந்து விதக் கோணல். சாப்பாட்டைக்கூட மறந்தேன். பிறகு ஓர் ஆள் ஏணியோடு வந்து கண்ணாடியை நேராக்கிவிட்டுப் போனான். பதினேழு நாள் பட்டறை காலி. பதினெட்டாம் நாள் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆரம்பித்தது நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரிதான் ஆரம்பித்தது.

இரண்டு விரல் அகலம் திருப்பினால் போதும். கண்ணாடியில் தெரு காலியாகத் தெரியும். பொய் இல்லை. காலியான தெருதான். வேறு தெரு. கண்ணளவில் வேலை செய்வது எனக்கு ஆகாது. ஆகவே கண்ணாடியைக் கம்பத்தோடு பிடித்திருக்கும் பட்டையில் இரண்டு புள்ளி அடித்தேன். முதல் புள்ளி நேர். இரண்டாவது புள்ளி எனக்கு. வண்டி ஒன்று கிடைத்ததும் முதல் புள்ளிக்கே கொண்டுவந்து இறுக்கிவிடுவேன். மழை நாளில் தொட்டதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தொட்டதில்லை. நானும் மனிதன்தான்.

லாரி கொடுத்ததைச் சேர்க்காமல் பதினொரு வண்டி. ஒரு தோள்பட்டை, மூன்று விலா, நாலு பல், ஒருவருக்கு ஒரு கண். வண்டிகள் பதினொன்றும் நேராகத்தான் பட்டறையை விட்டுப் போயின. எல்லாவற்றுக்கும் 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. அவர்கள் கவனமாகத்தான் பார்த்தார்கள்.

நாலு பல் ஆடிப்போன ஒருவர் என் மனைவி வேலை செய்யும் இடத்துக்கே போனார்.

"வண்டி உங்ககிட்ட, வாய் எங்ககிட்ட," என்றாள் அவள். "பாவங்க அந்த மனுஷன். குடும்பமா சேந்து நிமித்துறோம்."

இருவரும் புரையேறும் வரை சிரித்தோம்.

பதினொன்றில் ஒரு சின்ன நீல வண்டி இருந்தது. அதன் சொந்தக்காரருக்குத்தான் கண் போனது. இனி ஓட்டப்போவதில்லை என்றார். நானே வாங்கிக்கொண்டேன். மூலைக்கு மூலை மூன்று மில்லி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை என்பது தொழில் வழக்கம். அந்த வண்டியில் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யம் வாழ்நாளில் ஒரு முறை வரும். அதை மனைவிக்குக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"திருப்பத்துப் பக்கம் வராத. மெயின் ரோட்டுல சுத்திப் போ."

"ரெண்டு கிலோமீட்டர் சுத்துங்க. ஏன்?"

"சும்மாதான்."

"அங்க யாரையாவது வச்சிருக்கீங்களா?"

"ஆமா. ஒத்தக்கால்ல நிக்கிறா."

முதுகில் ஒரு அடி வைத்தாள். ஆனால் ஒரு வருஷம் சுற்றித்தான் போனாள். சொன்ன பேச்சு கேட்பவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலி பட்டறையைப் பார்த்தேன். ஏழரைக்குப் போய்க் கண்ணாடியை இரண்டாவது புள்ளியில் வைத்துவிட்டு வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் டேப் இல்லாதது தெரிந்தது. முந்தின நாள் அலமாரி அளக்க வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டேன். வேறு டேப் இருந்தது. ஆனால் அது ஒரு மில்லி கூடக் காட்டும். அதை நான் தொடமாட்டேன் என்பது வீட்டில் தெரியும்.

எட்டு மணிக்குச் சத்தம் கேட்டது. எனக்குச் சத்தமே போதும்.

"சின்ன வண்டி. இடது முன்பக்கம். ஆறு சென்டி உள்ள போயிருக்கும்," என்றேன் பெயின்டரிடம்.

"போய்ப் பாக்காமயே ஜாதகம் சொல்றீங்களேண்ணே," என்றான்.

சீட்டியடித்துக்கொண்டு நடந்தேன். ரொட்டி வேன் ஒன்று நீல வண்டிக்குள் மூக்கை விட்டு நின்றிருந்தது. என் மனைவி உள்ளே இருந்தாள். மடியில் டேப்.

"இது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி உக்காந்திருப்பீங்களேன்னு… வேலைக்கு வேற லேட்டு… அதான் இந்தப் பக்கமா…" என்றாள்.

ஆறு சென்டி என்றேன் அல்லவா. ஆறேகால்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் கண்ணாடியை முதல் புள்ளிக்குத் திருப்பினேன். பிறகு வண்டியைக் கொண்டுவந்து படுக்கையில் ஏற்றினேன். ஒரு முறை இழுத்த இடத்தில் மறுமுறை இழுத்தால் இரும்பு கிழியும். தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். நான் கிழியாமல் இழுத்தேன். நாலு நாள். ஒவ்வொரு மில்லியாக, கெஞ்சிக் கெஞ்சி.

"அண்ணே, அண்ணி அங்க தனியா கெடக்கிறாங்க," என்றான் பெயின்டர். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

"அங்க டாக்டர் இருக்கார். இதுக்கு யார் இருக்கா?"

வெள்ளிக்கிழமை மதியம் பூஜ்யம் வந்தது. ஒரே வண்டியில் இரண்டாம் முறை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். பெயின்டர் வாசலுக்குப் போய் எதையும் அறிவிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வரவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினேன். உள்ளே போனதும் நின்றுவிட்டேன். எலும்பு நேராகச் சேர்வதற்காக அவள் காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் உருளை வைத்து, இரும்பு எடை தொங்கவிட்டிருந்தார்கள். என் படுக்கையே எனக்கு முன்னால் வந்து காத்திருப்பது போலிருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததுண்டா என்று தெரியவில்லை.

"எத்தனை கிலோம்மா?" என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன்.

"ஆறு. கைய வைக்காதீங்க சார். அது டாக்டர் பாத்து வச்சது."

அவர் அடுத்த அறைக்குப் போனார். டேப் என் பையில் இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை பிடித்தேன். வலது, பிறகு இடது. முறிந்த கால் பன்னிரண்டு மில்லி குறைவு. ஆறு கிலோ, நேர் வரைக்கும்தான் இழுக்கும். விட்டால் திரும்பி ஓடுவதற்கு யாரும் இடம் விடவில்லை. படித்தவர்கள்தான், என்ன செய்ய. பக்கத்தில் காலிக் கட்டில் ஒன்றில் நாலு கிலோ சும்மா தொங்கியது. எடுத்து மாட்டினேன்.

கத்தினாள். கத்துவதைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். மறுபக்கக் கட்டிலில் ஒரு வயதானவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அவள் வாயில் கையை வைத்துக்கொண்டேன். மெதுவாகத்தான். இன்னொரு கையில் டேப். பன்னிரண்டு ஒன்பதானது. ஒன்பது ஐந்தானது. சிரிப்பை உதட்டிலேயே பிடித்துவைத்தேன். நாற்பது நிமிடத்தில் இரண்டு. அப்போதுதான் நர்ஸ் அம்மா வந்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

கால் விரல்கள் அசையவில்லை என்கிறார்கள். இனி அசையாது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தக் காலை இதுவரை யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். புகாரில் 'கொடுங்காயம்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள். நான் நிமிர்த்துகிறவன். பதினாறு வருஷத்தில் அவளை ஒரு அடி அடித்ததில்லை.

அளவு ஐந்திலிருந்து நாலுக்கு இறங்கியபோது அவள் கத்துவதை நிறுத்தினாள். கையை எடுத்தேன். வலிக்கிறது என்பாள் என்று நினைத்தேன். அவள் டேப்பைப் பார்த்தாள். பிறகு என்னை.

"திருப்பத்துப் பக்கம் வராதன்னு சொன்னீங்களே… ஏங்க?"