காணிக் கந்தோருக்குப் போன கிடாய்

— குறட்டையும் விடாது எண்டு சொல்லுங்கோவன், யோகண்ணை. எல்லாம் சொல்லியாச்சு, அதை மட்டும் ஏன் விட்டனீங்கள்?

— பாத்தியே, பகிடி பண்ணுறாய். சம்மந்தம் கொண்டு வந்த ஆளை இருத்தி வைச்சுப் பகிடி பண்ணுறாய், மனோ.

— என்ர மனிசனைக் கொண்டு வரேக்கையும் இப்பிடித்தானே சொன்னனீங்கள். குடிக்காது, வெத்திலை போடாது, குறட்டை விடாது. நான் இத்தினை வருசமாக் காதுக்குப் பஞ்சு அடைச்சுக்கொண்டு படுக்கிறன்.

— நான் மாப்பிளையைப் பகலிலதானே பாத்தனான். பகலில குறட்டை எப்பிடித் தெரியும்?

— உந்த அகிலன் தம்பியை எப்ப பாத்தனீங்கள்?

— உள்ளதைச் சொன்னால், எல்லா நேரமும் பாத்தாச்சு. கந்தோரில பாத்தன், நானாட்டானில அவையின்ர வீட்டை போய்ப் பாத்தன். மன்னார் முழுக்கச் சல்லடை போட்டாலும் அப்பிடி ஒரு பெடியன் கிடையாது. காணிக் கந்தோரில நிரந்தர வேலை. பென்சன். உன்ர சுவேதினிக்கெண்டே அளவெடுத்துச் செய்த மாதிரி.

— நீங்கள் ‘உள்ளதைச் சொன்னால்’ எண்டு தொடங்கினாலே நான் பாதியைக் கழிச்சுத்தான் கேக்கிறது.

— உன்ர வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேணும்.

— சாப்பாடு எப்பிடி? சும்மா கேக்கிறன். மாப்பிளை வீட்டை வந்தால் என்ன சமைக்கிறதெண்டு தெரியவேணுமே.

— அங்கதான் பெடியன் தங்கம். சுத்த சைவம். பிறந்ததில இருந்து மச்சம், மாமிசம் ஒண்டும் நாக்கில பட்டதில்லை. முட்டை போட்ட கேக்கைக் கூடத் தள்ளி வைச்சிடுவார். வெள்ளிக்கிழமையில திருக்கேதீச்சரத்தில கும்பிட்டுட்டுத்தான் பச்சைத்தண்ணியே குடிக்கிறது.

— அட, அது நல்லதெல்லே. சுவேதினி, மாமாவுக்கு ஒரு பிளேன்ரீ ஊத்தி வா பிள்ளை. அப்ப, யோகண்ணை, எங்கட கிடாயை ஆர் திண்டது?

— எந்தக் கிடாய்?

— மறந்து போனியளே. நெத்தியில வெள்ளைப் பொட்டு வைச்ச கறுப்புக் கிடாய். எங்கட காணி பெமிற், அந்த அனுமதிப் பத்திரம், அகிலன் தம்பியின்ர மேசையில கிடக்குது, ஒரு கிடாயைக் கொண்டுபோய் விட்டால்தான் அசையும் எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள். உங்கட ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனனீங்கள். சந்தி மட்டும் கத்திக்கொண்டு போச்சுது.

— ஓ, அந்தக் கிடாய்.

— ஓம், அந்தக் கிடாய். சைவப் பெடியன் அதை என்ன செய்தவர்? வளக்கிறாரோ?

— மாமா, பிளேன்ரீ. சீனி போடேல்லை. உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு அம்மா சொன்னவ.

— தா பிள்ளை, தா. உள்ளதைச் சொன்னால், மனோ, கிடாய் அவருக்கெண்டு இல்லை. அவருக்கு மேல ஒரு பெரிய உத்தியோகத்தர் இருக்கிறார். அங்காலதான் போனது. எனக்கு இறைச்சி இல்லாமல் ஒரு நேரச் சோறு இறங்காது எண்டு அவர் சொல்லுவார்.

— மேல இருக்கிறவ ஒரு பொம்பிளை, மாமா.

— ஓம், ஓம், அவதான்.

— அவ வேதக்காரி. நீங்கள் கிடாய் கொண்டு போனது தவக்காலம். அந்த நாப்பது நாளும் அவ இறைச்சி தொடமாட்டாவாம்.

— உனக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?

— கேட்டால் சொல்லுவினம், மாமா. நாங்கள்தான் ஒருதரும் கேக்கிறதில்லை.

— மனோ, கலியாணம் பேச வந்த இடத்தில ஆட்டுக் கதை என்னத்துக்கு? முடிஞ்ச கதை.

— உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியேல்லை. கிடாய் போய் ரெண்டு போகம் வெட்டியாச்சு, பெமிற் வரேல்லை. பெமிற் இல்லாட்டி வீட்டுத்திட்டம் இல்லை, கிணத்துக்கு உதவி இல்லை. இடம்பெயர்ந்து முகாமில கிடந்து திரும்பி வந்த நிலம், யோகண்ணை. ஆரும் வந்து இது உங்கட காணியோ எண்டு கேட்டால், ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் மட்டும்தான் இருக்கு. அந்தக் கேள்வியை நினைச்சால் நித்திரை வாறேல்லை. நான் குறட்டையைப் பழி சொல்லுறன், அது குறட்டையில்லை.

— விளங்குது, மனோ. விளங்காமலே?

— எங்களோட மட்டும் நிண்டால் பரவாயில்லை. அரிப்பில அருளப்பு அண்ணை ஒரு பெட்டி பாரைக் கருவாடு தந்து விட்டவர். பெரியமடுவில ஹவ்வா உம்மா தேன் தந்து விட்டவ. எல்லாம் அகிலன் தம்பிக்கெண்டு உங்கட ஓட்டோவில ஏறினது.

— ஊர் முழுக்க விசாரிச்சு வைச்சிருக்கிறாய் போல.

— நான் எங்க விசாரிச்சனான்? விசாரிக்கிறவை நாளைக்கு வருகினம்.

— என்னது?

— தெரியாதே? நாளைக்குக் காலமை கந்தோரில விசாரணை. அகிலன் தம்பியையும் கூப்பிட்டிருக்கினம். ஆடு, கருவாடு, தேன், எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

— ஆரடி உந்த நாசமறுப்புச் செய்தது? ஆர் போய்ச் சொன்னது?

— நான்தான்.

— நீயோ?

— ஓம். பொதுமக்கள் நாளில போனனான். மேல இருக்கிற அந்தப் பெரிய உத்தியோகத்தர் அம்மாவுக்கு முன்னால கதிரையில இருந்தனான். கிடாய் திண்ட ஆளின்ர பேரைச் சொல்லிப்போட்டு வந்தனான். இருக்கச் சொல்லி, தண்ணி தந்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டவ.

— உனக்கென்ன விசரே, மனோ? ஒரு பெடியன்ர வேலை. ரெண்டு தங்கச்சிமார் படிக்குதுகள். தகப்பன் இல்லை. ஒரு சொல்லில அந்த வீட்டைக் கவிட்டுப் போட்டியே.

— கிடாய் திண்ட ஆளுக்கு வேலை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?

— அவர் தின்னேல்லை எண்டு சொல்லுறன்.

— எப்பிடித் தெரியும்?

— எனக்குத் தெரியும்.

— சும்மா கேக்கிறன். எப்பிடி?

— மாமா, பிளேன்ரீ ஆறுது.

— வைச்சிருக்கிறன் பிள்ளை. பிறகு குடிக்கிறன்.

— சீனி இல்லாததாலயோ, மாமா?

— மனோ, அவர் ஒருதரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை. ஒருக்கா நான் அந்தத் தேன் போத்தலை அவரின்ர மேசையில வைச்சுப் பாத்தனான். ‘யோகண்ணை, இதை எடுங்கோ, இல்லாட்டி நான் எழும்பிப் போறன்’ எண்டார். நான் எடுக்கேல்லை. எழும்பிப் போயிட்டார். பிறகு நான் வெளியில வெய்யிலுக்க நிக்கிறதைக் கண்டிட்டு, கடையில சோடா வாங்கி வந்து தந்தவர். அதுக்குப் பிறகு அவருக்கெண்டு நான் வாங்கினது ஒண்டும் அவருக்குத் தெரியாது.

— கிடாய்?

— என்ர பேரன்ர பிறந்தநாளுக்கு அடிச்சது.

— ருசியோ?

— மனோ.

— சும்மா கேக்கிறன்.

— நீயும் வந்தனிதானே அந்த விருந்துக்கு. உன்ர மனிசன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

— என்ர ஆண்டவரே. அதுதான் அண்டைக்கு ராவு குறட்டை அப்பிடி.

— நான் சாப்பிடேல்லை, மாமா. என்னவோ மனம் வரேல்லை. தாயாடு செத்தாப்பிறகு நான் போத்திலில பால் குடுத்து வளத்த குட்டி அது.

— சொல்லாதை பிள்ளை. அண்டைக்கு நீ ஓட்டோவுக்குப் பின்னால வேலி மட்டும் ஓடி வந்தனி. நான் கண்ணாடியில பாத்தனான். பாத்துக்கொண்டுதான் போனனான். அது எனக்கு இண்டைக்கும் கிடந்து உறுத்துது.

— சரி, கிடாய்தான் உங்கட வயித்துக்குப் போச்சு. பெமிற் ஏன் வரேல்லை, யோகண்ணை? அகிலன் தம்பி அவ்வளவு நல்லவரெண்டால்?

— நீங்கள் என்னட்டைத் தந்து விட்ட விண்ணப்பம் அவரிட்டைப் போகவேயில்லை.

— எங்க போச்சு?

— நான் குடுக்கேல்லை. ஓட்டோ சீற்றுக்குக் கீழ கிடக்குது. குடுத்தால் அந்த மனிசன் உடன செய்துபோடும். ஒருக்கா ஊருக்குத் தெரிஞ்சால், பிறகு என்னட்டை ஆர் வருவினம்? வாங்கிற உத்தியோகத்தரோட நான் காலம் தள்ளியிருக்கிறன், மனோ. வாங்காத உத்தியோகத்தரோட எப்பிடிச் சீவிக்கிறதெண்டு எனக்கு ஒருதரும் சொல்லித் தரேல்லை.

— அப்ப நாளைக்கு வந்து இதை அங்க சொல்லுங்கோ.

— சொன்னால் ஒரு வீட்டிலயும் எனக்குக் கதிரை போடமாட்டினம். கந்தோர் அலுவலும் போச்சு, கலியாணத் தரகும் போச்சு. பொய் சொல்லுற தரகனிட்டை ஆர் பிள்ளையைக் குடுப்பினம்?

— பொய் சொல்லுறது எங்களுக்கு முந்தியே தெரியும். உண்மை கேக்கவே உங்களைக் கூப்பிடுறது? உங்கட கதை கேக்க நல்லாயிருக்கும், அதுக்குத்தான் கூப்பிடுறது.

— பகிடியை விடு, மனோ. இது என்ர சோத்துப் பாடு.

— அப்ப சொல்லாமல் விடுங்கோ. பெடியன் எப்பிடியும் போகட்டும்.

— இல்லை. அந்தச் சோடாப் போத்தல் கண்ணுக்குள்ள நிக்குது. வாறன். கிடாயில ஒரு மயிர்கூட அவர் தொட்டதில்லை எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். திண்டது நான், மறைச்சது நான். அருளப்புவுக்கும் உம்மாவுக்கும் நானே போய்ச் சொல்லுறன். உனக்கு ஒரு குட்டி வாங்கித் தாறன். நீ அவரின்ர பேரை மட்டும் எடுத்துவிடு.

— கவனிச்சியே சுவேதினி? உண்மையைச் சொல்லத் தொடங்கினாப்பிறகு ‘உள்ளதைச் சொன்னால்’ எண்டு ஒருக்காக்கூடச் சொல்லேல்லை.

— எத்தினை மணிக்கு வரவேணும்?

— எங்களோடயே வாங்கோ. உங்கட ஓட்டோவிலயே போவம். ஒருதர் தானா வந்து சொல்லுறதும், இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லுவிக்கிறதும் வேறதானே. எங்கட வீட்டில உங்களுக்குக் கதிரை இருக்கும், யோகண்ணை. இவர் குறட்டை விடுற மட்டும் இருக்கும்.

— அப்ப இந்தச் சம்மந்தத்தையாவது முடிச்சு விடு. எனக்குத் தரகு ஒண்டும் வேண்டாம். நல்ல பெடியன். இப்ப நான் சொல்லுறதையாவது நம்பு.

— அதைப் பிள்ளை சொல்லட்டும்.

— மாமா, நான் போன மாசம் கந்தோருக்கு நேரா போனனான். புதுசா ஒரு விண்ணப்பம் குடுத்தனான். ரெண்டாந்தரம் போகேக்கை அகிலன் அதைத் தான் தொடமாட்டன் எண்டு மற்ற மேசைக்குக் குடுத்துப் போட்டார்.

— ஏனாம்?

— நானும் அதைத்தான் கேட்டனான். பேனையை மூடி வைச்சார். பிறகு, ‘உங்கட வீட்டுக்கு அம்மாவோட பொம்பிளை கேட்டு வர யோசிக்கிறன், அப்பிடி இருக்கேக்கை உங்கட பெமிற்றில நான் கையெழுத்து வைக்கிறது சரியில்லை’ எண்டார். மற்றவர்தான் செய்து தந்தவர். பெமிற் வந்திட்டுது, மாமா. உங்கட வாயால உண்மை வரட்டும் எண்டுதான் அம்மா வரேல்லை எண்டு சொன்னவ. வாற வெள்ளி திருக்கேதீச்சரத்தில அவரின்ர அம்மாவும் எங்கட அம்மாவும் கதைக்கினம்.

— பொறு, பொறு. ஆர் பேசி முடிச்சது? நடுவில ஆர்?

— நடுவில ஒருதரும் இல்லை, மாமா.

— எனக்குத் தலை சுத்துது. மனோ, அந்தப் பெடியன்ர பேரை விசாரணைக்குக் குடுத்துப்போட்டு, அவருக்கே பிள்ளையையும் குடுக்கப் போறியோ?

— அவரின்ர பேரை ஆர் குடுத்தது, யோகண்ணை? அவர் நாளைக்குச் சாட்சி. நான் குடுத்தது உங்கட பேர்.