தனித்திறமைக்கு இரண்டு வரி

புதிதாக நடிக்க வருபவர்கள் பயோடேட்டாவை ஒரே பக்கத்தில் முடித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. பதினொரு வருடமாகப் பயோடேட்டாதான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன், சார். போட்டோ ஸ்டுடியோ மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், என் முதுகு, அவ்வளவுக்குத்தான் இடம்.

அனுபவம் என்ற கட்டத்தில் எல்லாரும் கதை அளப்பார்கள். பள்ளி நாடகத்தில் மரமாக நின்றதை முக்கிய வேடம் என்பார்கள். நான் விடுவதில்லை. ‘இல்லை’ என்று போட்டுவிட்டு உயரம், எடை, மொழிகளை உள்ளபடி எழுதுவேன். புதுமுகம் என்றால் தேர்வு செய்பவர்கள் பார்ப்பது கடைசியில் இருக்கும் தனித்திறமையை மட்டும்தான். அதையும் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

என் மனைவியின் தம்பி நடிகனாகப் போகிறேன் என்று வந்து ஏழு மாதம் எங்கள் வீட்டில் இருந்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் அழுது பழகுவான். மூக்கைச் சிந்திவிட்டு அந்தக் கையாலேயே குழாயைத் திறப்பான். வாஷ்பேசினில் பவுடர் குழைந்து தாடி மயிரோடு ஒட்டிக் கிடக்கும். அதில்தான் நான் வாய் கொப்பளிக்க வேண்டும். குமட்டும். பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னைப் போலவே செய்து காட்டினான். வாயைத் திறந்து மெல்வது, பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் தேடுவது, கிடைத்ததும் ஒரு சின்ன ஏப்பம். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அச்சு அசலா அவரேதான்டா," என்றாள்.

நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து வாயில் வைத்த ஒவ்வொரு கவளமும் எனக்கே அருவருத்தது.

அடுத்த வாரம், சினிமாவுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஒருவர் கடைக்கு வந்தார். படகிலிருந்து ஏரியில் விழுந்து சாகும் அடியாள் வேடத்துக்குப் புதுமுகம் வேண்டும் என்றார். அன்று மாலையே மைத்துனனுக்குப் பயோடேட்டா செய்தேன். அனுபவம்: இல்லை. தனித்திறமைக்கு இரண்டு வரி. நன்றாக நீந்துவார். மூழ்குவதுபோல் தத்ரூபமாக நடிப்பார், உதவி கேட்டுக் கத்தினாலும் காட்சியை நிறுத்த வேண்டாம்.

அவன் படித்துவிட்டு முழித்தான். "மாமா, எனக்குத் தண்ணியக் கண்டாலே கை கால் உதறும். இதை எடுத்துருங்களேன்."

"எல்லாரும் போடுறதுதான். இடுப்பளவு ஆழம்தான், விசாரிச்சுட்டேன். முதல் வாய்ப்ப கோட்டை விட்டுறாத."

"நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன் மாமா," என்று கட்டிக்கொண்டான். அவன் வியர்வை என் கழுத்தில் ஒட்டியது. வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நான் விசாரித்தது உண்மைதான். அங்கே ஆழம் மூன்று ஆள் உயரம்.

படப்பிடிப்புக்குத் துணையாகப் போனேன். காப்பாற்றுவதற்கென்று ஒரு நீச்சல்காரரைப் படகில் வைத்திருந்தார்கள். அவர் கேமராவில் தெரிகிறார் என்று இயக்குநர் கரைக்கு வரச் சொன்னார். என் தாளைப் படித்ததால் வந்த துணிச்சல் அது. அவன் விழுந்தான். இரண்டு முறை மேலே வந்து, "மாமா, மாமா" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நீச்சல்காரர் மட்டும் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். "சார், இது நடிப்பாத் தெரியலையே. இறங்கட்டுமா?"

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அதாங்க அவன் திறமை. சீனைக் கெடுத்துறாதீங்க."

மூன்றாவது முறை முகம் மட்டும் மேலே வந்தது. மூக்கிலிருந்து சளி வழிந்தது, வாய் திறந்து திறந்து மூடியது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

ஆமாம், சார், தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வன்மம், பொறாமை என்று மட்டும் போட வேண்டாம், எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், இருந்திருந்தால் அவன் பெரிய நடிகனாக வந்திருப்பான் என்றார்கள். அவனுக்கு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.